ப்ளேயர் பதிப்பு: வாசிப்பவருக்குக் கிடைப்பது எது, பூட்டப்படுவது எது

பங்குனியில் தொடங்கி ஆடி வரை நீளும் திருவிழாக் காலத்தில், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மேடைகளில் வாத்தியங்களோடு மடிக்கணினியும் இடம்பிடித்துவிட்டது. இன்னிசைக் குழுவின் கீபோர்டு கலைஞர், பம்பைக் குழுக்களுக்குப் பாட்டுப் பதிந்து தரும் சிறிய ரெக்கார்டிங் அறையினர், ஆர்மோனியத்துக்குத் துணையாக நல்ல சுருதி ஒன்றைத் தேடும் கூத்து வாத்தியார் எனப் பலரும் இசை மென்பொருளை நாடுகிறார்கள். இவர்களில் பெரும்பாலானோருக்கு நிரல் எழுதும் பயிற்சியும் கிடையாது, அதைக் கற்றுக்கொள்ள நேரமும் கிடையாது.

இவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் குழப்பம் ஒன்று உண்டு. ஒரே பெயருடைய மென்பொருள், 'ப்ளேயர்' என்ற அடைமொழியோடு இலவசமாகவும், அடைமொழி இல்லாமல் 200 டாலர், 300 டாலர் விலையிலும் கிடைக்கிறது. இலவசப் பதிப்பை நிறுவினால் சில கருவிகள் குறையின்றி ஒலிக்கின்றன. வேறு சில கருவிகளோ கால் மணி நேரம் ஒலித்துவிட்டு நின்றுவிடுகின்றன. இன்னும் சில திறப்பதே இல்லை. கணினியில் பழுது என்று நினைத்து விண்டோஸை மறுபடி நிறுவியவர்களும் உண்டு. இது பழுதல்ல, திட்டமிட்டு இடப்பட்ட எல்லை. அந்த எல்லை எங்கே, எதற்காக, யாரால் இடப்படுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்பது அவசியம். ஏனெனில் ப்ளேயர் பதிப்பு ஒன்றை மதிப்பிடும்போது, அதன் விலையைவிட முக்கியமான கேள்வி வேறொன்று: வெளியார் செய்த கருவியை அது யாருடைய அனுமதியும் கேட்காமல் திறக்குமா?

மாட்யூலும் பேட்ச்சும்

மாடுலர் இசை மென்பொருளில் முழுமையான வாத்தியம் எதுவும் தொடக்கத்தில் இருப்பதில்லை. ஒலியலையை உண்டாக்கும் பெட்டி, ஒலியின் கூர்மையைக் குறைக்கும் வடிகட்டிப் பெட்டி, ஒலியைத் தாமதப்படுத்தித் தரும் பெட்டி, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி எனச் சிறு சிறு கூறுகள் மட்டுமே இருக்கும். இவை ஒவ்வொன்றும் மாட்யூல் எனப்படும். திரையில் ஒரு மாட்யூலிலிருந்து மற்றொன்றுக்குக் கோடு இழுத்து இணைக்கும்போது வாத்தியம் உருவாகிறது. இணைப்புகளும் அளவுகளும் அடங்கிய அந்த முழு அமைப்பைக் கோப்பாகச் சேமித்தால் அதுவே பேட்ச். ஒவ்வொரு நிறுவனமும் இதற்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறது. இக்கட்டுரையில் பேட்ச் என்ற சொல்லே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தப்படுகிறது.

கணினி வழி ஒலி உண்டாக்குவதற்கான முன்னோடி நிரல் ஒன்றை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் மேத்யூஸ் 1957-இல் எழுதினார். சிறு கூறுகளை இணைத்து வாத்தியம் செய்யும் முறையும் அவர் அடுத்தடுத்து எழுதிய நிரல்களில்தான் உருப்பெற்றது. பாரிஸ் நகரின் இர்க்காம் ஆய்வகத்தில் 1980-களில் மில்லர் பக்கெட் உருவாக்கிய மென்பொருளுக்கு அவருடைய நினைவாகவே மேக்ஸ் என்று பெயரிடப்பட்டது. அது 1990-இல் விற்பனைக்கு வந்தது. 1996-இல் பக்கெட் ப்யூர் டேட்டா என்ற திறந்த மென்பொருளை (மூல நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடியது) தனியாக உருவாக்கி இலவசமாக வெளியிட்டார். அதே ஆண்டில் பெர்லினின் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம், பிற்காலத்தில் ரியாக்டர் ஆன ஜெனரேட்டர் என்ற மென்பொருளை வெளியிட்டது. வி.சி.வி. ராக் இந்தக் குடும்பத்தில் 2017-இல் வந்து சேர்ந்தது.

ஒரு சுருதிப் பேட்ச்

தம்புராவைப் போல ஒலிக்கும் ஒரு சுருதிப் பேட்ச் எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்த்தால், பின்னால் வரும் எல்லாமே எளிதில் விளங்கும். ஆண்குரலுக்கு ஒரு கட்டைச் சுருதி என்று கொள்வோம். மேற்கத்திய அளவில் அந்தச் சட்ஜமம் 130.81 ஹெர்ட்ஸ்.

1. மீட்டுவதற்கு ஈடாக, மிகக் குறுகிய நேரம் மட்டும் இரைச்சலை எழுப்பும் மாட்யூல் ஒன்று வேண்டும்.

2. அந்த இரைச்சல் ஒரு தாமத மாட்யூலுக்குள் செல்கிறது. கணினி ஒலியை நொடிக்கு 44,100 துளிகளாகக் கணக்கிடுகிறது என்றால், 44,100-ஐ 130.81-ஆல் வகுக்கும்போது ஏறத்தாழ 337 கிடைக்கும். ஆகவே தாமதத்தின் நீளம் 337 துளிகள். தந்தியின் நீளத்துக்கு ஈடானது இது.

3. தாமதத்திலிருந்து வெளிவரும் ஒலியை ஒரு மெல்லிய வடிகட்டி வழியாக மீண்டும் தாமதத்துக்குள்ளேயே செலுத்த வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கூர்மை சற்றே குறைந்து, இரைச்சல் சில நொடிகளில் தந்தியின் நாதமாக மாறி அடங்கும். கார்ப்ளஸ், ஸ்ட்ராங் ஆகிய இருவர் 1983-இல் வெளியிட்ட முறை இது.

4. இதே அமைப்பைப் படியெடுத்து, மந்தர பஞ்சமத்துக்கு முக்கால் மடங்கான 98.11 ஹெர்ட்ஸையும், மந்தர சட்ஜமத்துக்குப் பாதியான 65.41 ஹெர்ட்ஸையும் கொடுத்து, நான்கு தந்திகளும் முறை மாறி மீட்டப்படும்படி செய்ய வேண்டும்.

5. கட்டையை மாற்ற ஒரு திருகு, மீட்டும் வேகத்துக்கு ஒன்று, ஒலியளவுக்கு ஒன்று என மூன்றை மட்டும் முன்பக்கத்தில் வைத்துவிட்டு, மற்றவற்றை மறைத்துவிடலாம்.

இந்த ஐந்து படிகளையும் செய்பவர் ஒருவர். கடைசியில் மூன்று திருகுகளை மட்டும் தொட்டு வாசிப்பவர்கள் நூறு பேராக இருக்கலாம். அந்த நூறு பேருக்கும் முதல் நான்கு படிகளுக்கான வசதிகள் தேவையில்லை. அவற்றுக்கான விலையை அவர்கள் கொடுக்க வேண்டியதும் இல்லை. ப்ளேயர் பதிப்பு என்ற ஏற்பாட்டின் நியாயம் இதுதான்.

மூன்று பூட்டுகள்

ப்ளேயர் பதிப்புகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. முழுப் பதிப்பிலிருந்து அவற்றைப் பிரிப்பவை மூன்று பூட்டுகள். எந்தப் பூட்டு எந்தப் பதிப்பில் இருக்கிறது என்பதே அவற்றுக்கிடையிலான வேறுபாடு.

1. கட்டுமானப் பூட்டு. பேட்ச்சின் உள்ளே சென்று மாட்யூல்களையும் இணைப்புகளையும் பார்க்கவோ மாற்றவோ முடியாது. நிரலாளர் அல்லாதவருக்கு இது பெரிய இழப்பு அல்ல.

2. சேமிப்புப் பூட்டு. திருகுகளைத் தனக்கு ஏற்றபடி வைத்துக்கொண்ட நிலையைக் கோப்பாக வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு கச்சேரியிலும் முதலிலிருந்து சரிசெய்ய வேண்டியிருக்கும். மேடைக் கலைஞருக்கு இது உண்மையான தொல்லை. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில் கிடைப்பது சில நொடிகளே.

3. கோப்புப் பூட்டு. நிறுவனத்தின் முத்திரை பெற்ற பேட்ச்சுகள் மட்டுமே முழுமையாகத் திறக்கும். முத்திரை இல்லாதவை குறிப்பிட்ட நிமிடங்களுக்குப் பின் ஒலியை நிறுத்திவிடும், அல்லது திறக்கவே மாட்டா.

நாகசுரம் வாசிப்பவர் ஆச்சாமரத்தைக் கடைந்து குழல் செய்யத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சீவாளியைத் தன் உதட்டுக்கும் சுருதிக்கும் ஏற்பச் சரிசெய்துகொள்ளும் உரிமை அவருடையது. முதல் பூட்டு மட்டும் உள்ள பதிப்பு, குழல் கடையும் வேலையை மட்டும் வாசிப்பவரிடமிருந்து விலக்கிவைக்கிறது. இரண்டாம் பூட்டு சீவாளியையும் பிடுங்கிக்கொள்கிறது. மூன்றாம் பூட்டு, எந்த ஆசாரி செய்த குழலை வாசிக்கலாம் என்பதையே நிறுவனம் தீர்மானிக்கும் நிலைக்குக் கொண்டுவிடுகிறது.

இலவசமாகத் தருவதன் கணக்கு

மூன்றாம் பூட்டு ஏன் இருக்கிறது என்பதற்கு விடை வணிகத்தில் உள்ளது. கான்டாக்ட் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். கண்டிப்பாகச் சொன்னால் இது மாடுலர் மென்பொருள் அல்ல. பதிவுசெய்த ஒலித்துணுக்குகளை வாசிக்கும் சாம்ப்ளர். ஆயினும் ப்ளேயர் பதிப்பு என்ற ஏற்பாட்டை நம்மவர்களில் பலர் முதலில் சந்திப்பது இதில்தான் என்பதால் இங்கிருந்து தொடங்குவது பொருத்தம்.

கான்டாக்டுக்கான ஒலித்தொகுப்புகளை உலகெங்கும் பல சிறு நிறுவனங்கள் தயாரிக்கின்றன. தம் தொகுப்பு இலவசக் கான்டாக்ட் ப்ளேயரில் முழுமையாக இயங்க வேண்டுமானால், தயாரிப்பாளர் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, உரிமக் கட்டணம் செலுத்தி, தொகுப்புக்கு முத்திரை பெற வேண்டும். அந்தச் செலவு தொகுப்பின் விலையில் ஏறும். கட்டணம் கட்ட இயலாத, அல்லது விரும்பாத தயாரிப்பாளர் முத்திரை இல்லாமல் தம் தொகுப்பைக் குறைந்த விலைக்கோ இலவசமாகவோ தருவார். முத்திரை இல்லாத அந்தத் தொகுப்பு இலவச ப்ளேயரில் 15 நிமிடம் மட்டுமே ஒலிக்கும். முழுமையாக வாசிக்க விலை கொடுத்து முழுக் கான்டாக்டை வாங்க வேண்டும்.

இதனால்தான் புதியவர்களைத் திகைக்க வைக்கும் தலைகீழ் நிலை உண்டாகிறது: விலை உயர்ந்த தொகுப்புகள் இலவச மென்பொருளில் ஓடுகின்றன, இலவசத் தொகுப்புகளுக்கோ விலை உயர்ந்த மென்பொருள் தேவைப்படுகிறது. கட்டணம் எப்படியும் ஒருவரால் கட்டப்பட்டே தீர வேண்டும் என்பதே இதன் அடிப்படை. ஒன்று செய்பவர் கட்டுகிறார், இல்லையெனில் வாசிப்பவர் கட்டுகிறார். ஒரு நிறுவனம் தன் உழைப்புக்கு ஊதியம் தேடுவதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஓசூரில் ஒரு சிறு அறையில் பம்பையையும் உடுக்கையையும் பதிந்து, அக்கம்பக்கத்து ஊர்க் கலைஞர்களுக்குக் கொடுக்க நினைக்கும் ஒருவருக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை என்பதை நாம் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லைக்கோடு மென்பொருள்தோறும் எங்கே விழுகிறது?

ரியாக்டரின் முழுப் பதிப்பு சுமார் 200 டாலர். அதன் ப்ளேயர் இலவசம். ரேஸர், மோனார்க் போன்ற, ரியாக்டரில் செய்து நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனமே விற்கும் கருவிகள் ப்ளேயரில் தடையின்றி இயங்கும். மறுபுறம், ரியாக்டர் பயனர்கள் பல ஆண்டுகளாகச் செய்து ஒருவருக்கொருவர் இலவசமாகப் பகிர்ந்த கருவிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவை ப்ளேயரில் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டுமே ஒலிக்கும். ரியாக்டரின் நான்காம் பதிப்புக் காலத்தில் ரியாக்டர் செஷன் என்ற இடைநிலைப் பதிப்பு ஒன்று குறைந்த விலையில் விற்கப்பட்டது. பயனர்கள் செய்த கருவிகளையும் அதில் வாசிக்கலாம். புதிதாகக் கட்ட மட்டும் முடியாது. நிரல் தெரியாத இசைக்கலைஞருக்கு மிகப் பொருத்தமான ஏற்பாடு அதுவே என்பது என் உறுதியான கருத்து. சிறு தொகை ஒன்றை ஒருமுறை கட்டிவிட்டால், யார் செய்த கருவியையும் வாசிக்கும் உரிமை கிடைத்துவிடுகிறது. அத்தகைய பதிப்பு இன்று விற்பனையில் இல்லாதது பெரிய குறை.

மேக்ஸ் வேறு வழியில் செல்கிறது. அதன் நிரந்தர உரிமம் சுமார் 400 டாலர். உரிமம் வாங்காதவரும் அதே மென்பொருளை இறக்கி, யாருடைய பேட்ச்சையும் திறந்து, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசிக்கலாம். சோதனைக் காலம் முடிந்த பின் பேட்ச்சைச் சேமிக்க மட்டும் முடியாது. அதாவது மேக்ஸில் இருப்பது இரண்டாம் பூட்டு மட்டுமே. மேலும், உரிமம் உள்ளவர் தம் பேட்ச்சைத் தனித்து இயங்கும் செயலியாக மாற்றிப் பிறருக்குக் கொடுக்கலாம். அதைப் பெறுபவர் மேக்ஸ் என்ற பெயரையே அறிந்திருக்க வேண்டியதில்லை. அப்படி உருவாகும் செயலி சில நூறு எம்.பி. அளவுக்குப் பெரிதாக இருக்கும் என்பது மட்டுமே தொல்லை.

இதே மேக்ஸ், ஏபிள்டன் லைவ் என்ற பாட்டுப் பதிவு மென்பொருளுக்குள் 'மேக்ஸ் ஃபார் லைவ்' என்ற பெயரில் இயங்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. மேக்ஸை உருவாக்கிய சைக்ளிங் 74 நிறுவனத்தை ஏபிள்டன் 2017-இல் வாங்கியது. லைவின் விலை உயர்ந்த ஸ்வீட் பதிப்பில் மேக்ஸ் ஃபார் லைவ் சேர்ந்தே வருகிறது. விலை குறைந்த இன்ட்ரோ பதிப்பிலோ, கணினியோடு இணைத்து வாசிக்கும் மிடி கீபோர்டுகளோடு இலவசமாகக் கிடைக்கும் லைட் பதிப்பிலோ அது கிடையாது. வாசிக்க மட்டும் உதவும் ஒரு பதிப்பு இங்கே இல்லவே இல்லை. கீபோர்டோடு வந்த லைட் பதிப்பை நம்பி மேக்ஸ் ஃபார் லைவ் கருவிகளை இறக்கியவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

வி.சி.வி. ராக் கோட்டை வேறோர் இடத்தில் இடுகிறது. தனித்து இயங்கும் பதிப்பு முற்றிலும் இலவசம், திறந்த மூலம். கட்டலாம், வாசிக்கலாம், சேமிக்கலாம். பதிவு மென்பொருளுக்குள் ப்ளக்-இன் ஆக, அதாவது அதனுள் பொருந்தி இயங்கும் துணைக்கருவியாகப் பயன்படுத்த விரும்பினால் மட்டும் விலை கொடுத்து ப்ரோ பதிப்பை வாங்க வேண்டும். மேடையில் மட்டும் வாசிப்பவருக்கு இலவசப் பதிப்பே போதும்.

ப்யூர் டேட்டாவில் பூட்டே கிடையாது. வாசிப்பவரும் செய்பவரும் ஒரே மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள்; இருவருக்கும் அது இலவசம். ஆனால் அதன் திரை மிக வறண்டது. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகளாக இருப்பதைப் பார்த்ததும் இசைக்கலைஞர்கள் பலர் விலகிவிடுகிறார்கள். அந்தக் குறையைத் தீர்க்கவே ப்ளக்டேட்டா என்ற திறந்த மென்பொருள் பின்னர் வந்தது. ப்யூர் டேட்டா பேட்ச்சுகளைக் கண்ணுக்கு இதமான திரையில் திறப்பதோடு, ரீப்பர், ஏபிள்டன் லைவ் போன்ற பதிவு மென்பொருள்களுக்குள் ப்ளக்-இன் ஆகவும் இயங்குகிறது.

பூட்டிய பேட்ச்சும் நம் ஸ்வரமும்

மேலே சொன்னவற்றை விலைக் கணக்காக மட்டும் பார்த்தால் பாதி விஷயம் விட்டுப்போகும். பூட்டிய பேட்ச்சில் செய்தவர் வெளியே வைத்த திருகுகள் மட்டுமே வாசிப்பவருக்கு உண்டு. செய்தவர் வேறொரு இசை மரபைச் சேர்ந்தவர் என்றால், அந்த மரபின் முடிவுகளும் பேட்ச்சுக்குள் சேர்ந்தே பூட்டப்பட்டுவிடுகின்றன. இதில் ஸ்வரத்தானமே முதன்மையானது.

பெரும்பாலான பேட்ச்சுகள் எட்டாம் ஸ்வரத்துக்குள் உள்ள தூரத்தை 12 சம பாகங்களாகப் பிரிக்கும் மேற்கத்திய முறையில் செய்யப்படுகின்றன. மேலே கண்ட சுருதிப் பேட்ச்சில் பஞ்சமத்தை முக்கால் மடங்கு என்று வைத்தபோது 98.11 ஹெர்ட்ஸ் கிடைத்தது. சமபாக முறையில் அது 98.00. வேறுபாடு அற்பமாகத் தோன்றும். ஆனால் சட்ஜமத்தின் மூன்றாம் மேற்சுரம் (அதன் அதிர்வெண்ணின் மூன்று மடங்கு) 392.43 ஹெர்ட்ஸிலும், சமபாகப் பஞ்சமத்தின் நான்காம் மேற்சுரம் 392.00 ஹெர்ட்ஸிலும் நிற்பதால், இரண்டும் உரசி ஏறத்தாழ இரண்டே கால் நொடிக்கு ஒருமுறை ஓர் அலைவு கேட்கும். அசையாமல் நிற்க வேண்டிய சுருதி மெதுவாக மூச்சு விடுவது போல ஏறி இறங்கும்.

அந்தர காந்தாரத்தில் இது இன்னும் கூடுகிறது. சட்ஜமத்தின் ஒன்றேகால் மடங்காக அமையும் காந்தாரம் 163.52 ஹெர்ட்ஸ், சமபாக முறையில் 164.81. சட்ஜமத்தின் ஐந்தாம் மேற்சுரத்தோடு இந்தச் சமபாகக் காந்தாரத்தின் நான்காம் மேற்சுரம் உரசும்போது நொடிக்கு ஐந்து அலைவுகள் உண்டாகின்றன. சங்கராபரணத்தையோ கல்யாணியையோ சுருதியோடு பாடிப் பழகிய காது இதை உடனே கண்டுபிடித்துவிடும். கூத்து மேடையின் ஆர்மோனியமும் சமபாக முறைக்கு நெருக்கமாகவே சுருதி சேர்க்கப்படுகிறது என்பது உண்மை. ஆனால் பின்பாட்டுக்காரரும் முகவீணைக்காரரும் தம் காதால் அதைச் சரிக்கட்டிக்கொண்டே போகிறார்கள். பூட்டிய பேட்ச் யாருக்காகவும் சரிக்கட்டிக்கொள்ளாது. செய்தவர் ஸ்வரத்தான அட்டவணைக்கு ஒரு திருகு வைத்திருந்தால் பிழைத்தோம். வைக்கவில்லை என்றால் ப்ளேயர் பதிப்பில் அதைத் திருத்த வழியே இல்லை.

கமகமும் இப்படித்தான். கீபோர்டில் ஸ்வரத்தை ஏற்றி இறக்க உதவும் வளைவுச் சக்கரத்தின் நிலையை மிடி 16,384 படிகளாக அனுப்புகிறது, நுணுக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சக்கரம் எவ்வளவு தூரம் ஸ்வரத்தை வளைக்கும் என்பதைப் பேட்ச்தான் தீர்மானிக்கிறது. வழக்கமாக மேலே இரண்டு அரைஸ்வரம், கீழே இரண்டு அரைஸ்வரம் என்று வைப்பார்கள். நாகசுரத்தின் நீண்ட ஜாருவுக்கு அது போதாது. முழுப் பதிப்பு வைத்திருப்பவருக்கு அந்த எண்ணை மாற்றுவது ஒரு நிமிட வேலை. பூட்டிய பேட்ச்சில் அந்த ஓர் எண்ணுக்காக வாத்தியம் முழுவதுமே நமக்குப் பயன்படாமல் போய்விடுகிறது.

ஆகவே நமக்குத் தேவையானது, எங்கோ செய்யப்பட்டு முத்திரை இடப்பட்ட கருவிகளை மலிவாக வாசிக்கும் வசதி அல்ல. நம் சுருதியும் கமகமும் தெரிந்த ஒருவர் இம்மாவட்டங்களிலேயே இருந்து செய்து, வாசிப்பவர் கேட்டால் மறுநாளே திருத்தித் தரும் பேட்ச்சுகளைத் தடையின்றித் திறக்கும் வசதிதான். மூன்றாம் பூட்டு இல்லாத மென்பொருளால் மட்டுமே அது கைகூடும்.

கணினியின் சுமை

ப்ளேயர் பதிப்பு கணினிக்கு எளிதாக இருக்கும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியல்ல. ஒலியைக் கணக்கிடும் இயந்திரம் இரண்டு பதிப்புகளிலும் ஒன்றே. பேட்ச் கனமானது என்றால் ப்ளேயரிலும் அதே கனம்தான்.

வாசிப்பவர் உடனே உணரக்கூடியது தாமதம். கணினி ஒலித்துளிகளை ஒவ்வொன்றாக அனுப்பாமல் தொகுதி தொகுதியாக அனுப்புகிறது. அந்தத் தொகுதி பஃபர் எனப்படும். பஃபர் 1,024 துளிகள் என்றால், நொடிக்கு 44,100 துளிகள் என்ற கணக்கில் 23 மில்லிநொடி தாமதமாகும். 128 துளிகள் என்றால் 3 மில்லிநொடிக்கும் குறைவு. சுருதிப் பேட்ச்சுக்கு எவ்வளவு தாமதமும் பொருட்டல்ல. பம்பை ஒலியைத் தட்டி வாசிக்கும் மின்னணுப் பேடில் எழுப்புபவருக்கு 23 மில்லிநொடியே கை பின்தங்குவது போலத் தோன்றும். பஃபரைக் குறைத்தால் கணினிக்கு வேலைப்பளு கூடி ஒலியில் வெட்டுகள் விழும். விண்டோஸ் கணினியில் ஏ.எஸ்.ஐ.ஓ. வகை ஓட்டியை, அதாவது ஒலியைக் குறைந்த தாமதத்தோடு அனுப்பும் டிரைவர் நிரலைப் பயன்படுத்துவது இதற்கு முதல் தீர்வு.

பல வீடுகளில் இருப்பது, 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த கணினியே. கான்டாக்ட், ரியாக்டர், மேக்ஸ் ஆகியவை விண்டோஸுக்கும் மேக் கணினிக்கும் மட்டுமே வருகின்றன; அவற்றின் இன்றைய பதிப்புகள் பழைய கணினிகளில் இயங்குவது கடினம். ப்யூர் டேட்டா லினக்ஸிலும் இயங்கும், மிகச் சிறியது, பழைய கணினியையும் திணறவிடாது. வி.சி.வி. ராக்கும் லினக்ஸில் இயங்கும் என்றாலும், திரையில் படங்களைக் காட்டுவதற்கே அதற்கு நல்ல வரைகலைத் திறன் தேவை.

நிறுவும் முன் கேட்க வேண்டியவை

1. முத்திரை இல்லாத பேட்ச்சை நேர வரம்பின்றித் திறக்குமா?

2. திருகுகளின் நிலையைச் சேமிக்க முடியுமா?

3. உரிமத்தைச் சரிபார்க்க ஒருமுறை மட்டும் இணையம் போதுமா, அடிக்கடி தேவைப்படுமா? நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கருவிகளைச் செயற்படுத்த இணையம் வேண்டும். அதன் பிறகு இணையமின்றியே வாசிக்கலாம். மாதச் சந்தாவில் வரும் மென்பொருள்கள் அவ்வப்போது சரிபார்க்கக் கேட்கும். மலையோர ஊர்த் திருவிழாவில் நள்ளிரவில் அந்தக் கேள்வி திரையில் தோன்றக் கூடாது.

4. டாலர் விலையோடு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேருமா என்று பார்த்தாயிற்றா? வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயக்கப்பட்டுள்ளதா? 2020 முதல் இந்த வசதி புதிய அட்டைகளில் முடக்கப்பட்ட நிலையிலேயே தரப்படுகிறது. அட்டைதாரரே இயக்கிக்கொள்ள வேண்டும்.

க்ராக் செய்த பதிப்புகளைப் பற்றி ஒரு வரி போதும்: பணம் ஈட்டித் தரும் கணினியில் யார் எழுதியது என்று தெரியாத நிரலை ஓட்டுவது, கச்சேரி நடுவில் எல்லாவற்றையும் இழக்கத் துணிவதாகும்.

வாசிப்பவருக்காக ஒரு பேட்ச்சை ஆயத்தம் செய்தல்

ப்ளேயர் பதிப்பே இல்லாத ப்யூர் டேட்டாவிலும், செய்பவர் சற்று அக்கறை எடுத்துக்கொண்டால், வாசிப்பவருக்கு ப்ளேயர் பதிப்பின் எளிமை முழுவதும் கிடைக்கும். இம்மாவட்டங்களின் பொறியியல், கலைக் கல்லூரிகளில் கணினி படிக்கும், இசையிலும் ஈடுபாடுள்ள மாணவர்களுக்கு இது எட்டாத வேலை அல்ல.

இணைப்புகள் எல்லாவற்றையும் உள்பேட்ச் ஒன்றுக்குள் வைத்து, முன்பக்கத்தில் திருகுகள் மட்டும் தெரியும்படி அமைக்க வேண்டும். திருகுகளின் பெயர்களைத் தமிழில் எழுத வேண்டும். கட்டையை ஹெர்ட்ஸில் காட்டாமல் ஒன்று, ஒன்றரை, இரண்டு என்றே காட்ட வேண்டும். ஸ்வரத்தானத்துக்கும், வளைவுச் சக்கரத்தின் எல்லைக்கும் தனித் திருகுகள் கட்டாயம் இருக்க வேண்டும். வாசிப்பவர் விட்ட நிலையைப் பேட்ச் தானாகவே ஒரு கோப்பில் எழுதி வைத்து, அடுத்த முறை திறக்கும்போது அங்கிருந்தே தொடங்கும்படி செய்ய வேண்டும். கை தவறி எதையும் கலைத்துவிடாமலிருக்க, திருத்த நிலையை அணைத்தே கொடுக்க வேண்டும். கண்ட்ரோல் விசையோடு ஈ விசையை அழுத்தினால் திருத்த நிலைக்கு வரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கைபேசியில் வேண்டும் என்பவர்களுக்கு, ப்யூர் டேட்டாவின் ஒலி இயந்திரத்தை ஆண்ட்ராய்டு செயலிக்குள் பொதிந்து தர உதவும் லிப்-பி.டி. என்ற நிரல் தொகுப்பும் இலவசமாகவே கிடைக்கிறது.

பம்பை, உடுக்கை, தவில் ஆகியவற்றின் பதிவுகளைப் பேட்ச்சில் சேர்ப்பதானால், வாசித்த கலைஞரின் ஒப்புதலை எழுத்தில் பெற்று, அவருக்குரிய ஊதியத்தையும் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். அந்த ஒலிகளை யார் எதற்குப் பயன்படுத்தலாம், பாட்டில் சேர்க்கலாமா, தனித்தொகுப்பாக விற்கலாமா என்பதைச் சில வரிகளில் எழுதிய உரைக்கோப்பு ஒன்றைப் பேட்ச் இருக்கும் கோப்புறையிலேயே வைத்துவிட்டால், பேட்ச் கை மாறும்போதெல்லாம் அந்த நிபந்தனைகளும் கூடவே செல்லும்.